உயிருள்ள லிஸ்ட்

நீங்க சன்னலோரமே இருங்க சார், எனக்கு காத்து ஆகாது. திருநவேலிக்குத்தானே? நானும் அங்கதான். ஒண்ணேகால் மணி நேரம் ஆவும். பேசிக்கிட்டே போனா பாளை வந்துரும்னு எங்க ஊர்ல எல்லாரும் எம்பக்கத்துலதான் எடம் போடுவாவ. முந்தி. இப்ப இல்ல.

அந்தா முன்னால, மூணாவது சீட்டுல, பச்சச் சேல கட்டிக்கிட்டு ஒரு பொம்பள இருக்கால்லா. அவ பேரு மாரிக்கனி. நாங்க ரெண்டு பேரும் ஒரே ஆபீசுக்குத்தான் போறோம். பாத்தா தெரியலல்லா? பஸ் ஸ்டாண்டுல வச்சு, "ஏ பிள்ள, ஒரு டீ குடிக்கியா"ன்னேன். டைம் போட்ட போர்டயே பாத்துக்கிட்டு நிக்கா. டிக்கெட்டும் அவளே எடுத்துக்கிட்டா. எங்கிட்ட பேசி இன்னையோட ஒம்போது நாளாச்சு சார். ஏசிட்டாக்கூட பரவால்ல. ஏசுனா திருப்பி அதே குரல்ல ஏசிக் காட்டுவேன், அவளுக்கு சிரிப்பு வந்துரும். பேசாதவள எப்பிடி பேசிக் காட்ட?

எம்பேரு ஆவுடையப்பன். பாவூர்சத்திரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர்ல ஜெராக்ஸ் கட. ஜெராக்சு, போட்டோ, நெட்டுல விண்ணப்பம் போடுதது, எல்லாம் நாந்தான். எட்டாங்கிளாஸ் சார் நானு. அதுவும் பெயிலு. எங்க ஹெட்மாஸ்டரு எப்பிடி சொன்னாரு தெரியுமா? "ஆவுட... நீ எட்டுலயே இரி... ஒம்போதுக்கு ஒன்ன தாங்காது..." அவரு மூக்காலதான் பேசுவாரு. செத்துப் போயிட்டாரு, பாவம், நல்ல மனுசன்.

நீங்க ஈமெயில் வச்சிருப்பிய. நீங்களே தொறப்பிய, நீங்களே மூடுவிய. எங்க ஊர்ல அப்பிடி இல்ல. ஈமெயில்ங்கது ஆவுட கடையில இருக்கும். ரேசன் கார்டுக்கு ஈமெயில் கேக்கானா? ஆவுடட்ட போ. பிள்ளைக்கு ஸ்காலர்சிப்பா? ஆவுடட்ட போ. நான் ஒரு ஐடி போட்டுக் குடுப்பேன். குடுப்பேன்னா, பெரிய நோட்டுல பேரு, ஐடி, பாஸ்வேர்டு எல்லாம் எழுதி நானே வச்சிக்கிடுவேன். அவுக கையில குடுத்தா தொலச்சிருவாவல்லா? அறுநூத்தி நாப்பது பேரு சார் அந்த நோட்டுல. எங்க எம்எல்ஏக்குக்கூட இத்தன பேர தெரியாது.

அறுநூத்தி நாப்பதையும் ஒவ்வொண்ணா எப்பிடி தொறந்து பாக்க? கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்த பையன் ஒருத்தன்ட்ட சொல்லி வாய்க்கா வெட்டுன மாதிரி ஒரு வழி வெட்டிட்டேன். ஊர்ல எவனுக்கு மெயில் வந்தாலும் எம்பெட்டில வந்து விழுந்துரும். காலைல கட தொறந்து சாம்பிராணி போட்டுட்டு உக்காருவேன். ஒண்ணொண்ணா தொறப்பேன். சிங்க முத்திர இருந்துச்சுன்னா கவர்மெண்டு. பேங்கு படம் இருந்துச்சுன்னா பேங்கு. கவர்மெண்டுன்னா பேப்பர்ல அச்செடுத்துக்கிட்டு வண்டிய எடுத்து வீட்டுக்கே போயிருவேன். "எம்மா, டில்லிலருந்து கடுதாசி"ன்னு வாசல்ல நின்னு தபால்காரர் குரல்ல கத்துவேன். ஓடி வருவாவ. "என்ன அண்ணாச்சி போட்டுருக்கு?"ம்பாவ. அதப் பிடிச்சு கொஞ்ச நேரம் பாப்பேன். "வரச் சொல்லியிருக்கான்"ம்பேன். தேதி நம்பர்ல இருக்கும்லா, அதச் சொல்லுவேன். பன்னெண்டு வருசமா இப்பிடித்தான் ஓடுச்சு. ஒரு கொற வந்தது கெடையாது.

அப்பத்தான் அவன் வந்தான். நிசாந்து.

கார்ல வந்தான் சார். சென்னைப் பையன், சட்டையில ஒரு மடிப்பு கெடையாது. குத்தாலத்துக்குக் குளிக்க வந்தவன், போட்டோ ஒண்ணு பிரிண்டு எடுக்க எங்கடையில ஏறுனான். நோட்டப் பாத்துட்டான். "இது என்ன சார்?"ன்னான்.

சார்ன்னான் சார். என்னய!

நான் ஊர்க்கத எல்லாம் சொன்னேன். அவன் அப்பிடியே ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்துட்டான். அவன் எப்பிடி பேசுவான் தெரியுமா, தொண்டைக்கும் உதட்டுக்கும் நடுவுல ஒரு பபிள்கம் இருக்காப்ல. "சார், ஆன்லைன் மார்க்கெட்டிங்ல எங்களுக்கு பெரிய பிராப்ளமே லிஸ்ட்தான் சார். லட்சம் ஐடி, ரெண்டு லட்சம் ஐடின்னு விக்கிறாங்க. வாங்கி மெயில் போட்டா பாதி திரும்பி வருது. மீதிய எவனும் தொறக்கறதே இல்ல. எல்லாம் செத்த லிஸ்ட் சார். எனக்கு உயிருள்ள லிஸ்ட் வேணும். கொஞ்சமா இருந்தாலும் குவாலிட்டியா வேணும்."

குவாலிட்டின்னா நம்மதான. எந்நோட்டுல உள்ளவன் ஒவ்வொருத்தனுக்கும் மொகம் தெரியும், வீடு தெரியும், அவன் வீட்டு நாய் பேரு தெரியும். இதவிட என்ன குவாலிட்டி? நோட்ட ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துட்டேன். பாஸ்வேர்டு எல்லாம் மறச்சுத்தான் எடுத்தேன், எனக்கும் அறிவு இருக்குல்லா. ஊருக்காரங்கிட்ட கேக்கலையான்னு கேக்காதீய. என்னன்னு கேக்க? "உன் ஈமெயில ஒருத்தன் கேக்கான்"னா, "எனக்கு அப்பிடி ஒண்ணு இருக்கா அண்ணாச்சி"ம்பான். ஏதோ கொஞ்சம் குடுத்தான், அத விடுங்க. காசுக்கா செஞ்சேன்? நம்ம ஊரு பேரு நாலு கம்பெனிக்குத் தெரியட்டுமேன்னுதான்.

நாலு நாள் கழிச்சு போன் அடிக்கான். குதிக்கான் சார் போன்லயே. "சார்! தொண்ணூத்தியாறு பர்சென்ட் ஓப்பன்! என் சர்வீஸ்ல இருபது தாண்டினதில்ல! யார் சார் உங்க ஊர் மக்கள்? தங்கம் சார்!"

யாரு தொறந்தது? நாந்தான். காலைல சாம்பிராணி போட்டுட்டு, எப்பவும் போல. அவன் போட்டது அறுநூத்தி நாப்பதும் வாய்க்கா வழியா எம்பெட்டில வந்து விழுந்துச்சு. தொறந்து பாத்தாத்தான சிங்கம் இருக்கா இல்லியான்னு தெரியும்? தொறந்தேன். ஒரு தடியன் பனியன் இல்லாம நிக்கான், பக்கத்துல பவுடர் டப்பா. மூடுனேன். அடுத்தது. அதே தடியன்.

சொல்லியிருக்கணும். அத நானும் நெனச்சேன். ஆனா அவன் "தங்கம் சார்"ங்கும்போது நடுவுல போயி, "தம்பி, அந்தத் தங்கம் நாந்தான்"னு சொல்ல வாய் வரல. அன்னைக்கு நோட்டப் பெரட்டிப் பாக்கேன், அதுல பதினோரு பேரு செத்துப் போயிட்டாவ. பேச்சியம்மா பென்சனுக்காக ஐடி போட்டவ, மண்ணுக்குள்ள போயி ரெண்டு வருசம். அவளுக்கு தமிழ்லயே வருது: "ஹாய் பேச்சியம்மாள்! ஒடம்ப கொறைக்க ரெடியா?" அவளும் தொறந்து பாத்தான்னு சென்னையில கணக்கு. உயிருள்ள லிஸ்ட்டுன்னான்லா.

பெறவு என்ன, வெள்ளந்தான். நாளைக்கு ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு மூணாச்சு. பவுடரு, கடக்கர ஓரமா பிளாட்டு, முடி வளர எண்ண, மூணே மாசத்துல இங்கிலீசு. அந்த இங்கிலீச மட்டும் ரெண்டு தடவ தொறந்து பாத்தேன். சரி, அது கெடக்கட்டும். ஒரு நாளைக்கு ஆயிரத்தி எண்ணூறு வருது சார். காலைல உக்காந்தா மத்தியானம் சோத்துக்கு எந்திரிக்க முடியல. வீட்டுக்காரி வந்து நிக்கா: "என்ன எழவத்தான் தொறந்து தொறந்து மூடுதிய? வீட்டுக் கதவ இப்பிடி தொறந்தா கீலு கழண்டிருக்கும்." சரியாத்தான் சொன்னா. வெரல் வீங்கிட்டு. இந்தா, இந்த வெரலு.

விட்டிருக்கலாம்லா? விட்டேன் ஒரு நாளு. சாயந்தரம் போனு. "சார், என்னாச்சு? இன்னைக்கு ஓப்பன் விழுந்துடுச்சே? ஊர்ல எதுவும் துக்கமா?" கொரல்ல ஒரு அழுக சார். எனக்கு மனசு கேக்கல. மறுநா ரெண்டு நாளுக்கும் சேத்து தொறந்தேன். அப்பவும் அவனுக்குப் பத்தல. "தொறக்கறாங்க சார், உள்ள நீலக் கலர்ல ஒரு லிங்க் இருக்கு, அத அமுக்க மாட்டேங்கிறாங்க." அதுக்கென்ன, அமுக்குனாப் போச்சு. தொற, நீலத்த அமுக்கு, மூடு. தொற, நீலத்த அமுக்கு, மூடு. கனவுலகூட வெரல் ஆடும்னு வீட்டுக்காரி சொல்லுதா. அமுக்க அமுக்க என்னென்னவோ பேப்பர் எறங்கி கம்ப்யூட்டர்க்குள்ள குமிஞ்சு கெடக்கு. பாக்கல. பாக்க ஏது நேரம்?

இவ கதைக்கு வாரேன். மாரிக்கனி பீடி சுத்துதவ. புருசன் போயிட்டான், ஒரு பொம்பளப்புள்ள இருக்கு, ஆறாவது படிக்கு. நாளைக்கு எண்ணூறு பீடி சுத்துவா. இப்ப அதுக்கும் வழியில்ல, நெஞ்சுல சளி. தென்காசி டாக்டரு படத்த வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்துட்டு, "பொகையில தூசிய இனிமே மோந்தா பெறகு எங்கிட்ட வராத"ன்னுட்டாரு. அப்பத்தான் திருநவேலில ஒரு கவர்மெண்டு ஆபீசுல ஆளு எடுக்கான்னு வந்துச்சு. பெல்லடிச்சா உள்ள போயி பைல தூக்கிட்டு வாற வேல. பத்தாங்கிளாஸ் போதும். இவ பத்து பாஸு. ஆனா வயசு வரம்பு இந்த ஆனியோட இவளுக்கு முடியுது. இத விட்டா கெடையாது. விண்ணப்பம் நாந்தான் போட்டேன், நல்லா ஞாபகம் இருக்கு. போட்டோல சிரிக்கக் கூடாதுன்னு சொன்னேன், அதுக்கே சிரிச்சா.

அன்னையிலருந்து தெனம் சாயந்தரம் பீடிக்கடைக்குக் கட்டக் கொண்டு போகையில எங்கட வாசல்ல நிப்பா. உள்ள வரமாட்டா. பீடித் தட்டு இடுப்புல இருக்கும்லா, டாக்டரு சொன்னாலும் வயிறு கேக்காதே. "அண்ணாச்சி, எனக்கு வந்துச்சா?"

நான் அவ குரல்லயே திருப்பிச் சொல்லுவேன். "அண்ணாச்சீ, எனக்கு வந்துச்சாஆ?" கடையில நிக்கவன்லாம் சிரிப்பான். அவளும் சிரிப்பா. "வரும் பிள்ள, வெள்ளக்குதிரையில ஏறி வரும், குதிர இப்பத்தான் கொள்ளு திங்கி"ம்பேன். ஒரு நாளு ஒரு கத. குதிரைக்கு லாடம் அடிக்கான்ம்பேன். குதிரைக்கு வயித்தால போவுதும்பேன். ரெண்டு மாசம் சார். ஒரு நா தப்பாம கேட்டா.

போன பத்தொம்பதாந் தேதி. சாயந்தரம் இல்ல, காலைல வந்து நிக்கா. இடுப்புல தட்டு இல்ல. நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி டொக்கு டொக்குன்னு அமுக்கிக்கிட்டு இருக்கேன். "அண்ணாச்சி, எனக்கு வந்துச்சா?" நான் திரும்பாமலே, "அண்ணாச்சீ, எனக்கு வந்துச்சாஆ"ன்னேன். எவனும் சிரிக்கல. திரும்புனேன். மொகம் வெளுத்து நிக்கா.

பூலாங்குளத்துல பிரேமலதான்னு ஒருத்தி, அவளும் அதே வேலைக்குப் போட்டவ. அன்னைக்கு காலைல பீடிக்கடையில வச்சு இவட்ட கேட்டுருக்கா. "நேத்து இன்டர்வியூவுக்கு ஏம்ட்டி வரல? ஒம்பேர மூணு தடவ கூப்புட்டான்."

தேடுனேன் சார். அவ நிக்கா, நான் தேடுதேன். குமிஞ்சு கெடந்தத எல்லாம் பெரட்டுனேன். பவுடர் தடியனுக்கும் கடக்கர பிளாட்டுக்கும் நடுவுல கெடக்கு, அவ போட்டோ போட்டு, சிரிக்காத போட்டோ. உள்ள சிங்கமும் இருக்கு. நாலாந்தேதி வந்தது. பதினெட்டாந்தேதி வரச் சொல்லியிருக்கான். நாலாந்தேதி காலைலயே நான் தொறந்து, நீலத்த அமுக்கி, எறக்கி, மூடிட்டேன். அன்னைக்கு சாயந்தரமும் அவ வந்து கேட்டுருப்பா. என்ன சொன்னேன்னு ஞாபகமில்ல. குதிர ஏதோ செஞ்சிருக்கும்.

நான் கேக்கேன் சார், கவர்மெண்டு லெட்டர்னா மெயிலுக்கு மேலயே சிங்கம் வேண்டாமா? பேப்பருக்குள்ள வச்சா எவனுக்குத் தெரியும்? மேல பூராவும் வெறும் எழுத்து. இங்கிலீசு. கீழ ஒரு நீலம். பவுடர்காரனும் சில நாளு படமில்லாம அப்பிடித்தான் போடுதான், இவனும் அப்பிடித்தான் போடுதான். மனுசன் எத வச்சுக் கண்டுபிடிக்க?

அவ முன்னாலேயே ஆபீசுக்குப் போனப் போட்டேன். சத்தமா வச்சேன், அவளும் கேக்கட்டும்னு. அங்க ஒருத்தரு எடுத்தாரு. இவளே பேரச் சொல்லி, லெட்டரே வரலைன்னா. வெத்தல போட்ட வாயி: "ஏம்மா... நாலாந்தேதி... காலைல பத்தேகாலுக்கு... நீங்களே டவுன்லோடு பண்ணிருக்கீங்களே. இங்க காட்டுதே. பாத்துட்டு வராம இருந்துட்டு, வரலைன்னு சொன்னா எப்பிடி?" மாரிக்கனி என்னயப் பாத்தா. அவரே பாவம் பாத்து சொன்னாரு. "தவறிப் போனவங்களுக்கு இருபத்தெட்டாந்தேதி அதிகாரி ஐயா ஒரு நாள் பாக்காரு. நீங்க தொறக்கலைன்னா, யாரு தொறந்தா, ஏன் தொறந்தா, அவருகிட்ட கையெழுத்தோட எழுதி வாங்கிட்டு வாங்க. எழுத்துல இல்லைன்னா ஐயா உள்ளயே விட மாட்டாரு."

இன்னைக்குத்தான் சார் இருபத்தெட்டு.

நிசாந்தயா? போட்டேன், அவனுக்கும் போட்டேன். கிழிச்சு நார் நாரா தொங்கவிட்டுருவோம்னு போட்டேன். எடுத்ததும் அவன் கத்துதான்! "சார், தொண்ணூத்தியாறு பர்சென்ட் தொறந்திருக்கான், தொண்ணூறு பர்சென்ட் கிளிக் பண்ணியிருக்கான், ஒருத்தன்கூட, ஒரே ஒருத்தன்கூட ஒரு டப்பா வாங்கலையே சார்! எப்படி சார்? என் வேலையே போச்சு சார்!" அவன் அழுதத கேட்டு, நான் ஏச நெனச்சதெல்லாம் மறந்து போச்சு. "வாங்குவாங்க தம்பி, கொஞ்சம் டைம் குடுங்க"ன்னு சொல்லிட்டு வச்சுட்டேன். பாத்தியளா எம்பொழப்ப. அவனாலதான் இம்புட்டும், அவனுக்கே ஆறுதல் சொல்லுதேன்.

ஆலங்குளம் தாண்டிட்டா? அப்ப இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு.

சார், ஒரு ஒதவி. பேனா வச்சிருக்கியளா? பேப்பர் எங்கிட்ட இருக்கு. எட்டு நாளா மடிச்சு வச்சிருக்கேன், இன்னும் வெள்ளையாத்தான் இருக்கு. எழுத உக்காந்தா கை ஓட மாட்டேங்கு. ஊருக்கெல்லாம் விண்ணப்பம் எழுதுத கைதான். நேர்ல பேசிக்கிடலாம்னு நெனச்சேன் சார். அதிகாரின்னாலும் மனுசந்தான, அவரு வீட்டுக்காரம்மா குரல்ல ரெண்டு பேசுனா சிரிச்சிருவாரு. இவதான் நேத்து எங்க வீட்டுக்காரிட்ட சொல்லி விட்டுருக்கா. "எழுதித் தந்தா அவரு வரட்டும். இல்லைன்னா நான் தனியாப் போயி ஏச்சு வாங்கிட்டு வந்துருதேன்."

எழுதுங்க. மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு. கீழ்க்கண்ட நான் ஆவுடையப்பன். எழுதியாச்சா? எங்கள் ஊரில் இம்மாதம் இன்டர்நெட் லைனில் ஏற்பட்ட கோளாறு காரணமாக...

ஏன் சார் நிறுத்திட்டீய?

பொய்தான். ஆனா யாருக்கும் கெடுதல் இல்லாத பொய்யி. லைன் கோளாறுன்னா லைனு வந்து சண்டைக்கா நிக்கப் போவுது? நீங்க பாக்கதப் பாத்தா... சரி, அத அடிங்க. மார்க்கெட்டிங் கம்பெனிக்காரர் ஒருவர் தொடர்ந்து அனுப்பிய... அதுவுமா? அதுவும் உண்மதான சார். உண்மதான். ஆனா பத்தேகாலுக்கு அமுக்குனது அவன் இல்ல. தெரியுது. தெரியுது சார், வெரல் எனக்குத்தான வீங்கிருக்கு.

நான் ஏன் யோசிக்கேன்னு கேளுங்க. நான் தொறந்தேன்னு எழுதுனா, அடுத்த வரி ஏன் தொறந்தேன்னு கேப்பாரு. கையில எல்லார் பாஸ்வேர்டும் இருக்குன்னு எழுதணும். எழுதுனா அது ஊருக்கு வந்து சேர ஒரு வேள போதும். அறுநூத்தி இருவத்தொம்போது பேரும், செத்தவுக போக, வாசல்ல நிப்பாவ, "எங்க ஈமெயில எங்க கையில குடு"ன்னு. குடுத்துரலாம். அது பெருசில்ல. தொறந்தவன் ஏன் சொல்லலைன்னு கேப்பாவல்லா? அதான் சார். அதுக்குப் பதிலு...

பன்னெண்டு வருசமா வாசல்ல நின்னு, அந்தப் பேப்பரப் பிடிச்சு, நெத்தியச் சுருக்கி, ஒதட்ட அசச்சு... நல்லாத்தான் செஞ்சேன். எவனுக்கும் சந்தேகம் வரல. வீட்டுக்காரிக்கே தெரியாது.

எழுதுங்க. அடிச்சதுக்குக் கீழ எழுதுங்க.

அந்தக் கடிதத்தை மாரிக்கனி தொறக்கவில்லை. அவளுக்கு அது வந்ததே தெரியாது. தெனமும் வந்து கேட்டாள். தொறந்தது நான். எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியும்னு ஊரை நம்ப வச்சுட்டேன். அதனால் அது என்ன கடிதம்னு எனக்குத் தெரியலை. அவள் பேரில் ஒரு தப்பும் இல்லை.

அம்புட்டுதான். வேற என்ன இருக்கு.

சார், கையெழுத்துப் போடுறதுக்கு முந்தி ஒருக்க வாசிங்க. மெதுவா வேண்டாம், நல்லா சத்தமாவே வாசிங்க. பஸ்ல எல்லாருக்கும் கேட்டாலும் பரவால்ல. முன்னால மூணாவது சீட்டு வரைக்கும் கேக்கணும்.

...

திரும்புனாளா?

இல்ல. திரும்ப மாட்டா. சரி, குடுங்க பேனாவ.